அசையும் சொத்து

ஆவரம்பட்டணத்துப் பத்திர எழுத்தர் ஆறுமுகநயினார் காலமாகி முப்பத்தெட்டாம் நாள், வாரிசுகள் பாகம் பிரித்துக்கொள்வதற்காக அவருடைய வீட்டை மதிப்பிடத் திருநெல்வேலியிலிருந்து மரகதவடிவு வந்து இறங்கியபோது, வீடு தரையை விட்டு இரண்டே முக்கால் அடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

மரகதவடிவு இருபத்திரண்டு வருடமாக இறந்தவர்களின் வீடுகளை அளக்கிறவள். கட்டடப் பொறியியல் படித்து, மதிப்பீட்டாளராகப் பதிவு செய்துகொண்டு, பாபநாசம் தொட்டு உடன்குடி வரைக்கும் அவள் டேப்பைப் பிடிக்காத தெரு குறைவு. பொதுக்கிணற்றை வைக்கோலால் மூடி மறைத்த அண்ணனையும், பாகத்தில் வரும் அறைக்கு ஒரே இரவில் கதவு வைத்த தம்பியையும், இல்லாத மாடிக்குத் தீர்வை கட்டிவந்த மாமனாரையும் பார்த்தவள் ஆகையால், மனுசர் செய்யாத எதையும் ஒரு வீடு செய்துவிடப்போவதில்லை என்பது அவள் எண்ணம். பையைத் திறந்தாள், டேப்பை எடுத்தாள், தரைக்கும் அடித்தளத்துக்கும் நடுவே இருந்த வெறும் இடத்தை நாலு மூலையிலும் அளந்தாள், நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஊருக்கு அது பழகிப்போயிருந்தது. முதல் வாரத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். வீடு வேறொன்றும் செய்யாமல் சும்மா நிற்பதைக் கண்டு, இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று திரும்பிப் போனார்கள். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நகராட்சி மரங்களை வெட்டியதிலிருந்து அந்தத் தெருவில் ஒரு முழம் நிழலுக்கு வழியில்லாமல் இருந்ததால், கீரைக்காரி செல்லத்தாயி முதலில் தன் கூடையை வீட்டுக்கு அடியில் தள்ளினாள், பிறகு தானும் உட்கார்ந்தாள். அவள் பின்னால் ரெண்டு ஆடு வந்தது, ஆட்டின் பின்னால் ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் பாயும் சீட்டுக்கட்டுமாக வந்தார்கள், தலை இடிக்கிறது என்று முணுமுணுத்தார்கள், வீடு அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் எழும்பிக் கொடுத்ததும் முணுமுணுப்பை விட்டார்கள். மின்வாரியத்து லைன்மேன் தாவீது திங்கட்கிழமைதோறும் வந்து, வீட்டுக்குப் போகும் வயரை ஒரு சாண் தளர்த்தி விட்டுப் போனார். உடைந்துபோன தண்ணீர்க்குழாய்க்குப் பதில் யாரோ பச்சை ரப்பர் குழாய் மாட்டிக் கொடுத்தார்கள். நகராட்சி, மேலே இருப்பதற்கு வீட்டு வரியும் கீழே இருப்பதற்குக் காலிமனை வரியும் கேட்டு ஒரே உறையில் இரண்டு நோட்டீஸ் அனுப்பியது. மேல்காற்று பலமாக அடிக்கிற நாட்களில் வீடு மெல்லத் திரும்பி, தெற்குப் பார்த்த வாசல் கிழக்கைப் பார்த்து நிற்கும். இந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவராததற்குத் தெற்கு வாசல்தான் காரணம் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த ஜோசியர் அந்தத் தெரு வழியே நடப்பதையே நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெண் உலகம்மாள். வயது நாற்பத்தாறு. இரண்டு அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்தவள். பக்கவாதத்தில் விழுந்த தகப்பனாருக்குப் பத்தொன்பது வருடம் சோறு ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்தவள். சத்தம் கேட்டால் அவருக்கு உடம்பு நடுங்கும் என்பதால் அந்த வீட்டில் ரேடியோ கிடையாது, மிக்ஸி கிடையாது, தெருப்பக்கத்து ஜன்னலைத் திறப்பதும் கிடையாது. தனியாகக் கிடந்த கல்படியின்மேல் ஒரு முக்காலியைப் போட்டு ஏறித்தான் இப்போது அவள் வீட்டுக்குள் போய்வந்தாள். மரகதவடிவுக்கும் கை கொடுத்து ஏற்றிவிட்டாள். உள்ளே கால் வைத்ததும் தரை படகுபோல லேசாக அசைந்தது.

"முதல்ல அப்படித்தான் இருக்கும் மேடம். ரெண்டு நாள்ல பழகிரும்," என்றாள் உலகம்மாள்.

கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, பின்வராந்தா என்று மரகதவடிவு அளந்துகொண்டே போக, டேப்பின் மறுமுனையை உலகம்மாள் பிடித்துக்கொண்டே வந்தாள். அளந்து முடித்தபின், வீடு விற்றபிறகு எங்கே இருக்கப்போகிறாய் என்று மரகதவடிவு கேட்டாள். பெரியண்ணன் வீட்டில் ஆறு மாதம், சின்னண்ணன் வீட்டில் ஆறு மாதம் என்று பேசியிருக்கிறார்கள் என்றும், இடத்தை வாங்குகிறவர் வீட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார் என்றும் அவள் சொன்னாள். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று மரகதவடிவு கேட்டதற்கு, உலகம்மாள் டேப்பைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தாள். அதுவரை அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை.

பிறகுதான் உயிலைக் கொண்டுவந்து காட்டினாள். நாற்பது வருடம் ஊரார் சொத்துக்களையெல்லாம் எழுத்தில் கட்டிவைத்த ஆறுமுகநயினார் தன் உயிலைப் பத்து வரியில் முடித்திருந்தார். தம் அசையாச் சொத்துக்கள் முழுவதும் குமாரர்கள் சங்கரலிங்கம், குற்றாலநாதன் இருவருக்கும் சமமாக. அசையும் சொத்துக்கள் முழுவதும் குமாரத்தி உலகம்மாளுக்கு. எழுதிய தேதி இருபத்தொரு வருடத்துக்கு முந்தியது. அன்றைக்கு அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆணுக்கு மண்ணு, பொண்ணுக்குப் பண்டம் என்று எல்லாத் தகப்பன்மாரும் எழுதுவதைத்தான் அவரும் எழுதினார். மாற்றி எழுத நினைத்திருந்தாலும், அதற்குள் எழுதுகிற கை விழுந்துவிட்டது. அன்றைக்கிருந்த நகைநட்டு வைத்தியத்துக்குப் போனது போக, அசையும் சொத்தென்று மிஞ்சியது ஒரு கட்டில், ஒரு மர அலமாரி, பித்தளைப் பாத்திரங்கள், அவருடைய சைக்கிள்.

மரகதவடிவு உயிலை இரண்டுமுறை வாசித்தாள். மதிப்பீட்டு அறிக்கையில் இரண்டே கட்டங்கள்தான் உண்டு, அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று. ஒரு வீட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இருபத்திரண்டு வருடத்தில் அவள் யோசித்ததே இல்லை. மண்ணில் வேர்விட்டதும் மண்ணோடு பிணைந்ததும் அசையாச் சொத்து. பிணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. செல்லத்தாயியைக் கூடையையும் ஆட்டையும் ஓரமாக ஒதுக்கச் சொன்னாள், ரப்பர் குழாயையும் கழற்றிவைக்கச் சொன்னாள். சீட்டு விளையாடியவர்கள் பாயைச் சுருட்டினார்கள். கொத்தனார் நூல்கண்டு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, ஒரு முனையைத் தாவீது மேற்கே பிடிக்க, மறுமுனையைத் தான் கிழக்கே பிடித்து, தெருப்பக்கத்திலிருந்து கொல்லைப்புறம் வரைக்கும் நூலை வீட்டுக்கு அடியில் நடத்திக்கொண்டு போனாள். தெருவே திரண்டு நின்று பார்த்தது. நூல் எங்கும் தட்டவில்லை. ஒரு வேர் இல்லை, ஒரு கம்பி இல்லை, ஒரு செங்கல் இல்லை. கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் நூலை இழுத்துச் சுருட்டியபோது அதில் ஒரு சிலந்திவலை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

செய்தி கோயமுத்தூருக்கும் ஓசூருக்கும் போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன்மார் இருவரும் வந்தார்கள். மூத்தவர் சங்கரலிங்கம் கோயமுத்தூரில் மோட்டார் பம்புக் கடை வைத்திருப்பவர், ஐம்பத்துநாலு வயது, பேச்சுக் குறைவு. இளையவர் குற்றாலநாதன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மகளை மருத்துவம் படிக்கவைக்க வேண்டியிருந்தது, அந்தக் கவலை அவர் பேசுகிற பேச்சிலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார, உலகம்மாள் சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

குற்றாலநாதன் கெட்டிக்காரர். வீடு இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பது யாருக்கு வேண்டும் என்று கேட்டார். மதிப்பீடு என்பது இறந்த தேதியன்றைக்குச் சொத்து இருந்தபடிதானே, அன்றைக்கு வீடு தரையில்தானே இருந்தது, பதினாறு நாளும் நாங்கள் இங்கேதானே தூங்கி எழுந்தோம் என்றார். அது நியாயம் என்று மரகதவடிவு ஒப்புக்கொண்டாள். இறந்த தேதியன்று தரையில் இருந்திருந்தால் அசையாச் சொத்துதான், அதற்குமேல் பேச்சில்லை என்றாள். நிலையில் நின்ற உலகம்மாள் தலையை ஆட்டினாள், அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

மரகதவடிவு தெருவில் இறங்கி விசாரித்தாள். வீடு என்றைக்கு எழும்பியது என்பதில் ஊருக்குள் ஒற்றுமை இல்லை. பத்தாம் நாள் என்றாள் செல்லத்தாயி. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தல் பிரித்தபோது பந்தக்காலைவிட வீடு உசந்திருந்தது என்றார் ஒருவர். தாவீதின் கணக்கில் வயர் முதன்முதலில் விறைத்தது இருபதாம் நாள். இறந்த அன்றைக்கு வீட்டை யாருமே பார்க்கவில்லை, எல்லோரும் இறந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சி இல்லாததை அவள் எழுதுகிறவள் அல்ல. நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

வழியனுப்பச் சங்கரலிங்கமும் கூட வந்தார். முக்காலியில் ஒரு கால், கல்படியில் ஒரு கால் என்று வைத்து அவர் இறங்குகையில், வலதுகாலை ஊன்ற யோசித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. மரகதவடிவு அதைப் பார்த்தாள். எப்போது அடிபட்டது என்று, சும்மா பேச்சுக்குத்தான், கேட்டாள்.  அவர் தெருமுனை வரைக்கும் கூடவே நொண்டி நடந்துவந்தார். அங்கே பெட்டிக்கடை ஓரமாக நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பாவ வெளிய பாடைக்குக் கொண்டுவரயில, கால்மாட்டப் பிடிச்சு முன்னால இறங்கினது நாந்தான் மேடம்," என்றார். "நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து ஏறி இறங்கின படி. கண்ண மூடிக்கிட்டு இறங்குவேன். அன்னைக்குக் கால் வச்ச இடத்துல படி இல்ல. ஒரு சாண் கீழ கிடந்துச்சு. அப்பதான் பெரண்டது. பின்னால வந்தவங்க என்னயப் பாத்துத் தாழ இறங்கிட்டாங்க. அழுகையில எனக்குத்தான் கண்ணு தெரியலன்னு நெனச்சிக்கிட்டேன்."

மரகதவடிவு பையிலிருந்து நோட்டை எடுத்தாள், ஆனால் திறக்கவில்லை. அந்த வீட்டில் பாதி அவருடையது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் வேறு எங்கே போய்க் கேட்டிருப்பாள்.

"இத நீங்க சொல்லித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல," என்றாள்.

"தெரியும் மேடம்." அவர் மறுபடி வீட்டைப் பார்த்தார். கீழே செல்லத்தாயி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள், மேலே ஜன்னலில் உலகம்மாள் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். "பத்தொம்பது வருசத்துல நான் அவரத் தூக்கினது அன்னைக்கு ஒரு நாள்தான். எழுதிக்கிடுங்க."

அவள் அங்கேயே, பெட்டிக்கடைப் பலகையின்மேல் நோட்டை வைத்து எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கையில் மனை அசையாச் சொத்தென்றும், அதன்மேல், ஆனால் அதைத் தொடாமல், நின்ற கட்டடம் இறந்த தேதியிலேயே அசையும் சொத்தென்றும் மரகதவடிவு எழுதி முத்திரை வைத்தாள். குற்றாலநாதன் அண்ணனோடு ஒரு மாதம் பேசவில்லை. மதுரையிலிருந்து வேறொரு மதிப்பீட்டாளரைக் கூட்டிவந்தார். அவருடைய நூலும் எங்கும் தட்டவில்லை, அவரும் அதே கட்டத்தில்தான் எழுதினார். அதன்பிறகு குற்றாலநாதன் மனதைத் தேற்றிக்கொண்டார். மண்டபம் கட்டுகிறவருக்கு வேண்டியது மண்தான், எப்படியும் இடிக்க இருந்த வீடு என்பதால் அவர் விலையில் ஒன்றும் குறைக்கவில்லை. மகளின் படிப்புக்கு வழி இருந்தது. ஆடி பிறக்குமுன் மனையைக் காலிசெய்து தர வேண்டும் என்று மட்டும் மண்டபக்காரர் கேட்டுக்கொண்டார்.

அப்படி உலகம்மாளுக்கு ஒரு வீடு வந்தது, அதை வைப்பதற்கு ஓர் இடம் இல்லாமல்.

ஊர் கூடிப் பேசியது. வீட்டை இழுத்துக்கொண்டு போகலாம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வருடாவருடம் தேர் இழுக்கிற ஊருக்கு இது ஒரு வேலையா. அம்மன் கோயில் வடத்தை வீட்டுக்குக் கட்டலாமா என்றுதான் அரைநாள் விவாதம் நடந்தது. கடைசியில் பூசாரி, திருவிழா இல்லாத நாளில் அது வெறும் கயிறுதான் என்று தீர்த்துவைத்தார். எங்கே இழுத்துவிடுவது என்றதும் ஆளாளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். தெப்பக்குளத்து மேல்கரை அமைதியாக இருக்கும் என்றார்கள், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் காற்று நன்றாக வரும் என்றார்கள், ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் ஒரு தொந்தரவும் இருக்காது என்றார்கள். தாவீதுதான், எல்லோரையும் கையமர்த்திவிட்டு, அவளிடமே கேட்டார்.

"எக்கா, ஒங்களுக்கு எங்க வேணும்?"

உலகம்மாள் மூன்று நாள் அவகாசம் கேட்டாள். மூன்று நாளும் காலையில் முக்காலியில் இறங்கி, ஊரின் ஒவ்வொரு தெருவாக நடந்தாள். பத்தொன்பது வருடத்தில் மருந்துக்கடைக்கும் ரேஷன்கடைக்கும் போய்வந்த இரண்டு தெருவைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குப் புதிதாக இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நாலாம் நாள் வந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் என்றாள்.

அது பாத்திரக்கடை அந்தோணியம்மாளின் காலிமனை. முன்னால் பஸ்கள் திரும்பும், பக்கத்தில் பரோட்டாக் கடையில் கல்லைத் தட்டுவார்கள், விடியற்காலை ஐந்து மணிக்கே கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவ ஆரம்பித்துவிடுவார்கள். பைத்தியமா உனக்கு, அங்கே ஒரு பொட்டுத் தூங்க முடியாதே என்று பெண்கள் சொன்னார்கள்.

"எனக்கு இரைச்சல் கேக்கணும்," என்றாள் உலகம்மாள்.

அந்தோணியம்மாள் மாத வாடகைக்குச் சம்மதித்தாள். தரையில் இல்லாத வீட்டுக்குத் தரைவாடகை வாங்குவது பாவமா என்று பாதிரியாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள்.

ஆனி மாதத்துக் கடைசி வெள்ளியன்று காலையில் வீட்டை இழுத்தார்கள். ஆறு பேர் போதுமான வேலைக்கு அறுபது பேர் வடம் பிடித்தார்கள். தாவீது மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கவைக்கம்பால் வயர்களைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே முன்னால் போனார். வங்கி முக்கில் வீட்டைத் திருப்பும்போது ஓட்டு விளிம்பு ஒரு வேப்பங்கிளையை உரசி, பழமும் இலையும் கூடத்துக்குள் கொட்டின. உலகம்மாள் உள்ளேயே இருந்தாள். தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கடந்துபோகிற வீடுகளையும் கடைகளையும், தன்னைப் பார்த்துச் சிரிக்கிற முகங்களையும் பார்த்துக்கொண்டே வந்தாள். செல்லத்தாயி வீட்டுக்கு அடியில், வீடு போகிற வேகத்துக்குக் குனிந்து நடந்து, நிழலை விடாமல் வந்தாள். சங்கரலிங்கம் காலைக் கெந்திக்கொண்டே வடம் பிடித்தார். கொஞ்ச தூரம் போனதும் வடத்தின் மறுபக்கத்தில் குற்றாலநாதனின் கையும் இருப்பதைப் பார்த்தார்.  பழைய மனையில் கல்படியும் கிணறும், அறுபது வருடம் வெயில் படாத நீள்சதுரமான வெளிறிய மண்ணும் மிஞ்சின.

புது இடத்திலும் வீடு அந்தரத்திலேயே நின்றது. பஸ் ஏற வந்தவர்கள் மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினார்கள், கண்டக்டர்கள் சாப்பாட்டுத் தூக்கை அங்கே பிரித்தார்கள். உலகம்மாள் நன்றாகத் தூங்கினாள். ஊர்ப்பெயர்கள் கேட்டு விழித்துக்கொண்டாள். அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கடையம், தென்காசி என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கேட்டு, எந்தப் பெயர் எத்தனை மணிக்கு வரும் என்பது அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், திருநெல்வேலியில் மரகதவடிவின் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு உலகம்மாள் உள்ளே வந்தாள். கையில் ஒரு துணிப்பை, நெற்றியில் வியர்வை, புதுச்செருப்பு. அறிக்கையில் ஏதாவது திருத்தமா, அண்ணன்மாரோடு ஏதாவது சச்சரவா என்று மரகதவடிவு எழுந்தேவிட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றாள் உலகம்மாள். "சும்மா வந்தேன். அந்தாளு திருநெல்வேலி, திருநெல்வேலின்னு கத்திக்கிட்டே இருந்தாரு. ஏறி உக்காந்துட்டேன்."

மரகதவடிவு மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். வழியில் பார்த்த வாழைத்தோட்டங்களையும், பக்கத்து இருக்கைக்காரி இறங்கும்வரை சொல்லிவந்த மருமகள் கதையையும் உலகம்மாள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மரகதவடிவின் போன் அடித்தது. தாவீதுதான். திருநெல்வேலி பஸ் ஏறிய உலகம்மாள் தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பதாகவும், அங்கேதான் வந்திருப்பாள் என்று இந்த எண்ணுக்குக் கூப்பிடுவதாகவும் சொல்லி, பதற்றமே இல்லாமல், நடந்ததைச் சொன்னார். காலையில் உலகம்மாளின் பஸ் புறப்பட்டு வளைவு திரும்பியதும் வீடு இறங்கத் தொடங்கியிருக்கிறது. அவசரப்படாமல், செல்லத்தாயி கூடையை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்து, கண்டக்டர்கள் சாப்பாட்டை முடித்துக் கைகழுவும்வரை பொறுத்து, சம்மணம் போட்டு உட்காருகிற மனுசர்போல மெல்ல மண்ணில் உட்கார்ந்துவிட்டது. ஓர் ஓடுகூட நகரவில்லை.

மரகதவடிவு போனை வைத்துவிட்டு அதை அப்படியே சொன்னாள். உலகம்மாள் கேட்டுக்கொண்டாள். மட்டமாக இறங்கியிருக்கிறதா என்று மட்டும் விசாரித்தாள். மட்டமாகத்தான் இருக்கிறதாம் என்றாள் மரகதவடிவு. மூன்றரை மணிக்கு ஒரு பஸ் உண்டு, இப்போதே கிளம்பினால் பிடித்துவிடலாம் என்றும் சொன்னாள்.

உலகம்மாள் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா," என்றாள். "இறங்கினது இனி எங்க போகப்போவுது. இங்கன ஆறு எந்தப் பக்கம்?"

மரகதவடிவு மேஜைமேல் கிடந்த அறிக்கைகளை அடுக்கிவைத்து, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு வந்தாள். வெளியே வெயில் தணிந்து, ஆற்றுப்பக்கத்துக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. வழி தெரிந்தவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்க, வழி தெரியாதவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.